கல்ச்சரில் வந்த கிருமி கோடில் ஏன் வரக்கூடாது?

கேள்வி: நான் மெடிக்கல் கோடர்; நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்களுக்கான கோடுகளைப் போடுவது என் வேலை. அவுட்பேஷண்ட் சார்ட்டுகள் பார்த்துக்கொண்டிருந்த நான், இந்த வருடம் அமெரிக்க மருத்துவமனைகளின் இன்பேஷண்ட் டிஆர்ஜி (மருத்துவமனைக்குத் தரும் தொகையைத் தீர்மானிக்கும் நோய்க் குழு) சார்ட்டுகளுக்கு மாறினேன். நிமோனியா சார்ட்டுகள் இரண்டில் ஆடிட்டில் எர்ரர் வந்துவிட்டது.

முதல் சார்ட்டில் வயதான நோயாளி. காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் வலது கீழ் மடலில் இன்ஃபில்ட்ரேட். அட்மிஷன் குறிப்பில் 'நிமோனியா, பாசிபிள் ஆஸ்பிரேஷன்' (உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம்) என்று இருக்கிறது. வான்கோமைசினும் பைபராசிலின்-டாசோபாக்டமும் ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வந்தது, மருந்தை செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நிமோனியா, இம்ப்ரூவ்டு' என்று மட்டும்தான் இருக்கிறது. நான் கிளெப்சியெல்லா நிமோனியாவுக்கான ஜே15.0 போட்டேன். ஆடிட்டர் அதை ஜே18.9 (கிருமி குறிப்பிடாத நிமோனியா) ஆக்கிவிட்டார். டிஆர்ஜி 177-லிருந்து 193-க்கு வந்துவிட்டது.

இரண்டாவது, பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும் நோய்) உள்ள நோயாளி. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ப்ராபபிள் சூடோமோனாஸ் நிமோனியா' என்று தெளிவாக இருக்கிறது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நான் ஜே15.1 போட்டேன். 'கல்ச்சர் நெகட்டிவ்' என்று சொல்லி அதையும் ஜே18.9 ஆக்கிவிட்டார்கள்.

பாசிட்டிவ் என்றாலும் தப்பு, நெகட்டிவ் என்றாலும் தப்பு என்றால் நான் எதை நம்புவது? கொயரி (டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பச் சொல்கிறார் டீம் லீட். எப்படிக் கேட்பது? நான் லைஃப் சயின்ஸ் படித்தவள். இந்த வேலைக்கு மருத்துவம் எவ்வளவு தெரிய வேண்டும்?

பதில்: முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். முதல் சார்ட்டில் ஆடிட்டர் சொன்னது சரி. இரண்டாவது சார்ட்டில் நீங்கள் போட்டது சரி. இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: கிருமியின் பெயரை முடிவு செய்வது கல்ச்சர் அல்ல, சிகிச்சை தந்த டாக்டர் எழுதியது. முதல் சார்ட்டில் கல்ச்சர் பேசியது, டாக்டர் பேசவில்லை. இரண்டாவதில் கல்ச்சர் பேசவில்லை, டாக்டர் பேசிவிட்டார்.

இது உங்களுக்கு அநியாயமாகப் படுவது எனக்குப் புரிகிறது. லேப் ரிப்போர்ட்டில் கறுப்பு எழுத்தில் பெயர் இருக்கிறது, மருந்தையும் மாற்றியிருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் நோய்களுக்குப் போடும் ஐசிடி-10-சிஎம் கோடுகளின் அதிகாரபூர்வ கைட்லைன்களின் மூன்றாம் பிரிவில், அசாதாரண சோதனை முடிவுகளைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. லேப், எக்ஸ்ரே, பேத்தாலஜி ஆகியவற்றில் வரும் முடிவுகளுக்கு முக்கியத்துவம் உண்டு என்று புரொவைடர் சொன்னால் ஒழிய அவற்றைக் கோட் செய்யக்கூடாது. முடிவு இயல்புக்கு மாறாக இருந்து, டாக்டர் அதற்காகக் கூடுதல் சோதனையோ சிகிச்சையோ தந்திருந்தால், கோடர் அவரிடம் கேட்பது பொருத்தம் என்றும் அதே பத்தி சொல்கிறது. கவனியுங்கள், கேட்பதுதான் பொருத்தம். நாமே போட்டுக்கொள்வது அல்ல. உங்கள் முதல் சார்ட் இந்த வாக்கியத்துக்காகவே எழுதியது போல இருக்கிறது.

புரொவைடர் என்றால் யார் என்பதையும் கைட்லைனே சொல்கிறது: நோயைக் கண்டறிந்து சொல்லும் சட்டப் பொறுப்பு உள்ள மருத்துவரோ, தகுதி பெற்ற மற்ற சிகிச்சையாளரோ. லேப் டெக்னீஷியன் அதில் வரமாட்டார். பிஎம்ஐ, படுக்கைப்புண்ணின் நிலை, பக்கவாத அளவுகோலின் மதிப்பெண் போன்ற சிலவற்றை மட்டும் நர்ஸ், டயட்டீஷியன் போன்றவர்களின் குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் நிமோனியாவின் கிருமி இல்லை.

உங்கள் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. அவுட்பேஷண்டில் ஒரு டாக்டர் படித்துச் சொன்ன பரிசோதனை அறிக்கை கோட் செய்யும் நேரத்தில் கையில் இருந்தால், அதில் உறுதியாகச் சொல்லப்பட்ட நோயை எடுத்துக்கொள்ளலாம். ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து நேரடியாகக் கோட் போடும் கை அங்கேதான் பழகுகிறது. இன்பேஷண்டுக்கு வந்ததும் அது ஆபத்தாகிவிடும். இங்கே ரேடியாலஜிஸ்ட்டும் டாக்டர்தான், ஆனால் அவர் நோயாளியைப் பார்த்து சிகிச்சை தரவில்லை. அவர் 'நிமோனியா' என்று எழுதி, சிகிச்சை தந்த டாக்டர் எங்குமே எழுதவில்லை என்றால் உங்களிடம் நிமோனியா கோட் இல்லை. அதே அவுட்பேஷண்டிலிருந்து இன்னொரு பழக்கமும் வரும்: 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்' என்று இருந்தால் தொடக்கூடாது, அறிகுறியை மட்டும் கோட் செய்ய வேண்டும் என்பது. நல்ல வேளையாக அந்தப் பழக்கத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். இரண்டாவது சார்ட்டில் நீங்கள் ஜெயிப்பது அதனால்தான்.

சரி, கல்ச்சரில் வந்த கிருமி ஏன் தானாகவே நோய்க்குக் காரணமாகிவிடாது? இதைப் புரிந்துகொண்டால் விதி வெறும் சம்பிரதாயமாகத் தெரியாது.

சளி நுரையீரலிலிருந்து நேராகக் குப்பிக்குள் போவதில்லை. தொண்டை, வாய் எல்லாவற்றையும் கடந்துதான் வருகிறது. வயதானவர்கள், அடிக்கடி மருத்துவமனைக்குப் போய் வருபவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள், சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் ஆகியோரின் தொண்டையில் கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். இதைத்தான் காலனைசேஷன் என்கிறார்கள். அந்த நேரத்தில் நுரையீரலில் நியூமோகாக்கஸோ வைரஸோ நோயை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். கல்ச்சர் தட்டில் வளர்ந்தது தொண்டையில் இருந்த குடியிருப்பாளராக இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை.

அதனால்தான் லேப் முதலில் மாதிரியின் தரத்தைப் பார்க்கிறது. நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு 25-க்கு மேல் நியூட்ரோஃபில்களும் 10-க்குக் கீழ் ஸ்குவாமஸ் எபிதீலியல் செல்களும் இருந்தால் நல்ல சளி. எபிதீலியல் செல் நிறைய இருந்தால் அது எச்சில். கல்ச்சர் ரிப்போர்ட்டைத் திறக்கும்போது கிருமியின் பெயருக்கு நேராக ஓடாதீர்கள். மேலே இருக்கும் கிராம் ஸ்டெயின் வரிகளைப் படியுங்கள். நியூட்ரோஃபில் நிறைய, கிராம் நெகட்டிவ் குச்சிகள் நிறைய, வளர்ச்சி அதிகம் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் உங்கள் கொயரிக்கு வலு உண்டு. 'லேசான வளர்ச்சி, வாய்க் கிருமிகளுடன் கலந்து' என்றால் டாக்டர் அதை ஒதுக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர் எழுதாமல் விட்டதே ஒரு முடிவாக இருக்கலாம் என்பதை நம் கோடர்கள் பலர் யோசிப்பதில்லை.

அடுத்து மருந்துகளின் வரிசை. இதைப் படிக்கத் தெரிந்த கோடருக்குச் சார்ட் பாதி பேசிவிடும். உங்கள் நோயாளிக்கு முதல் நாளே வான்கோமைசின் தந்தது எம்ஆர்எஸ்ஏ (பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) இருக்குமோ என்ற எச்சரிக்கைக்காக. மூக்கில் எடுத்த எம்ஆர்எஸ்ஏ பிசிஆர் நெகட்டிவாக வந்தால் பெரும்பாலும் அதை நிறுத்திவிடுவார்கள். எனவே வான்கோமைசின் ஓடியது என்பதை வைத்து யாராவது எம்ஆர்எஸ்ஏ நிமோனியாவுக்குக் கொயரி போட்டால், டாக்டர் எரிச்சலடைவதில் நியாயம் இருக்கிறது. அவர் அதை இல்லை என்று தீர்த்து இரண்டு நாள் ஆகியிருக்கும். மருந்து தந்த பதிவான எம்ஏஆர்-இல் எப்போது நின்றது என்று பாருங்கள்.

பைபராசிலின்-டாசோபாக்டம் தந்ததற்கும் அப்படித்தான்: தொடக்கத்தில் அகலமாக வலை வீசினார்கள். உங்கள் சார்ட்டில் முக்கியமானது மூன்றாம் நாள் மாற்றம். கல்ச்சர் வந்த அன்றே, சென்சிட்டிவிட்டியை (கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற முடிவை) பார்த்து, செஃப்ட்ரியாக்சோனுக்கு இறங்கியிருக்கிறார்கள். கல்ச்சரை டாக்டர் பார்த்தார், அதை வைத்து முடிவெடுத்தார் என்பதற்கு இது நல்ல தடயம். ஆனாலும் தடயம்தான். செஃப்ட்ரியாக்சோன் சாதாரண நிமோனியாவுக்கும் தரும் மருந்து. 'நோயாளி தேறிவருகிறார், அகல மருந்து வேண்டாம்' என்று மட்டும் நினைத்தும் அவர் மாற்றியிருக்கலாம்.

ஆஸ்பிரேஷன் விஷயத்தில் மருந்து இன்னும் குறைவாகவே பேசும். முன்பெல்லாம் காற்றில்லாக் கிருமிகளுக்கான மருந்து சேர்ந்திருந்தால் 'ஆஸ்பிரேஷனாக இருக்கும்' என்று சிடிஐ (டாக்டரின் குறிப்புகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவு) ஆட்கள் மோப்பம் பிடிப்பார்கள். 2019-ல் அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியும் தொற்றுநோய் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், நுரையீரல் சீழ்க்கட்டியோ எம்பயீமாவோ (நுரையீரலைச் சுற்றிய சீழ்) சந்தேகப்பட்டால் தவிர, ஆஸ்பிரேஷன் நிமோனியாவுக்கு அந்த மருந்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. எனவே இப்போது பார்க்க வேண்டியது வேறு: பக்கவாதம், டிமென்ஷியா, விழுங்குவதில் சிரமம், ஸ்பீச் தெரபிஸ்ட்டின் விழுங்கல் பரிசோதனை, வாந்திக்குப் பிறகு மூச்சுத்திணறல், படத்தில் நுரையீரலின் தாழ்ந்த பகுதிகளில் நிழல். உங்கள் முதல் சார்ட்டில் வலது கீழ் மடல் என்கிறீர்கள். விழுங்கல் பரிசோதனை நடந்ததா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். கொயரியில் அது தேவைப்படும்.

கொயரிக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. சார்ட்டை முழுக்கப் படித்தீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியவர் மட்டுமே புரொவைடர் அல்ல. நுரையீரல் நிபுணரோ தொற்றுநோய் நிபுணரோ தன் கன்சல்ட் குறிப்பில் 'கிளெப்சியெல்லா நிமோனியா' என்று எழுதியிருந்து, அட்டெண்டிங் டாக்டர் (நோயாளிக்குப் பொறுப்பானவர்) அதற்கு முரணாக எதுவும் எழுதவில்லை என்றால், அதை எடுத்துக்கொள்ளலாம். கொயரியே வேண்டாம். முரண் இருந்தால் மட்டும் அட்டெண்டிங்கிடம் கேட்க வேண்டும். சம்மரியையும் அட்மிஷன் குறிப்பையும் மட்டும் படித்துவிட்டு நடுவில் இருக்கும் பத்துப் பக்கத்தைத் தாண்டிப் போகும் அவசரம் புரொடக்ஷன் டார்கெட் உள்ள எல்லா இடத்திலும் இருக்கிறது. நிமோனியாவில் அந்த நடுப் பக்கங்களில்தான் பதில் இருக்கும்.

அட்மிஷன் குறிப்பில் இருந்த 'பாசிபிள் ஆஸ்பிரேஷன்' என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இன்பேஷண்டில் நிச்சயமற்ற நோயை இருப்பதாகவே கோட் செய்யலாம் என்ற விதி, டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் எழுதப்பட்டிருப்பதற்குத்தான். முதல் நாள் சந்தேகப்பட்டு, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்றால், அந்தச் சந்தேகம் உயிரோடு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. எனவே ஆஸ்பிரேஷன் நிமோனியாவுக்கான ஜே69.0-வும் போட முடியாது. இந்தச் சார்ட்டில் ஆக, ஒரே கொயரியில் இரண்டு விஷயம் தீர வேண்டும்.

இப்போது அந்தக் கொயரி. அமெரிக்காவில் அஹிமா, ஏக்டிஸ் என்ற இரு சங்கங்களும் சேர்ந்து கொயரிக்கான நடைமுறைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருக்கின்றன. 2022-ல் அதைப் புதுப்பித்தார்கள். அதன் சாரம் எளிது: டாக்டரின் வாயில் பதிலைத் திணிக்காதே, பணத்தைப் பற்றிப் பேசாதே. 'கல்ச்சரில் கிளெப்சியெல்லா இருக்கிறது, தயவுசெய்து கிளெப்சியெல்லா நிமோனியா என்று எழுதவும்' என்று அனுப்பினால் அது திணிப்பு. 'இப்படி எழுதினால் டிஆர்ஜி உயரும்' என்று ஒரு வார்த்தை இருந்தாலும் போதும், பின்னால் வரும் ஆடிட்டில் அந்தக் கொயரியே மருத்துவமனைக்கு எதிரான சாட்சி.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் பகுதியில் சார்ட்டில் உள்ளதை, தேதியோடு, கருத்துச் சொல்லாமல் வைப்பேன்: அட்மிஷன் அன்று காய்ச்சல், ஆக்ஸிஜன் அளவு, வெள்ளையணு எண்ணிக்கை, எக்ஸ்ரே வாசகம், அட்மிஷன் குறிப்பில் 'பாசிபிள் ஆஸ்பிரேஷன்', விழுங்கல் பரிசோதனை நடந்திருந்தால் அதன் முடிவு, கிராம் ஸ்டெயின், கல்ச்சர் முடிவு, தேதி, எந்த மருந்து எந்த நாள் தொடங்கி எந்த நாள் நின்றது, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நிமோனியா, இம்ப்ரூவ்டு'. அதன் பிறகு ஒரே கேள்வி: 'உங்கள் மருத்துவ முடிவின்படி, சிகிச்சை தந்த நிமோனியாவின் வகையையோ காரணத்தையோ மேலும் குறிப்பிட முடியுமா?' தெரிவுகளாக: கிளெப்சியெல்லாவால் வந்த நிமோனியா, ஆஸ்பிரேஷன் நிமோனியா, இரண்டும், கிருமி இன்னதென்று தெரியாத நிமோனியா, கல்ச்சரில் வந்தது காலனைசேஷன், வேறு (குறிப்பிடவும்), தீர்மானிக்க இயலவில்லை. அவ்வளவுதான்.

நான்காவது தெரிவைக் கவனித்தீர்களா? பல கொயரிகளில் அது இருக்காது. கோட் ஏறும் தெரிவுகள் மட்டும் வரிசையாக இருக்கும், கடைசியில் ஒப்புக்கு 'வேறு'. டாக்டர் நியாயமாகச் சொல்லக்கூடிய ஒரு பதிலை நாம் பட்டியலில் வைக்காமல் விட்டால் அதுவும் திணிப்பின் ஒரு வகைதான் என்பது என் கருத்து. தலைப்பையும் பாருங்கள். 'கிளெப்சியெல்லா நிமோனியா கொயரி' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே எவ்வளவு நடுநிலையாக எழுதினாலும் பயனில்லை. 'நிமோனியா குறித்த தெளிவு' போதும்.

ஆடிட்டர்கள் இந்த ஒரு கோடில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு டிஆர்ஜி அமைப்பும் ஒரு காரணம். பிரின்சிபல் டயக்னோசிஸாக (சேர்க்கைக்கு முக்கியக் காரணமான நோயாக) ஜே18.9 வந்தால் 193, 194, 195 என்ற 'சாதாரண நிமோனியா' குடும்பம். நியூமோகாக்கஸின் ஜே13-உம், மைக்கோபிளாஸ்மாவின் ஜே15.7-உம், வெறுமனே 'பாக்டீரியல்' என்று எழுதினால் வரும் ஜே15.9-உம் அங்கேயேதான். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், மற்ற கிராம் நெகட்டிவ்கள், ஆஸ்பிரேஷன் ஆகியவை 177, 178, 179 என்ற 'சுவாசத் தொற்றுகளும் அழற்சிகளும்' குடும்பத்துக்குப் போகும். எம்சிசி (பெரிய இணைநோயோ சிக்கலோ) உள்ள உங்கள் சார்ட் 193-லிருந்து 177-க்குப் போனால் எடையும் பணமும் கூடும். ஒரு வார்த்தையால் பணம் கூடும் இடம் எதுவோ, அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் கண் இருக்கும். ஜே18.9-லிருந்து ஜே15.9-க்கு வீணாகக் கொயரி அனுப்பி டாக்டரைத் தொந்தரவு செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பதிவு சற்றுத் துல்லியமாகும், டிஆர்ஜி நகராது. அந்த நேரத்தைக் காரணக் கிருமிக்கான தடயம் உண்மையிலேயே இருக்கும் சார்ட்டுக்குச் செலவிடுவது மேல்.

இரண்டாவது சார்ட்டுக்கு வருவோம். 'ப்ராபபிள் சூடோமோனாஸ் நிமோனியா' என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கிறது. கைட்லைனின் இரண்டாம் பிரிவு, எச் உட்பிரிவு: டிஸ்சார்ஜ் நேரத்தில் 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்', 'லைக்லி', 'பாசிபிள்', 'கம்பேட்டிபிள் வித்', 'கன்சிஸ்டண்ட் வித்' போன்ற சொற்களோடு எழுதப்பட்ட நோயை, இருப்பது போலவே கோட் செய்ய வேண்டும். குறுகிய கால மருத்துவமனைகளின் இன்பேஷண்ட் சேர்க்கைக்கு இது பொருந்தும். கல்ச்சர் பாசிட்டிவாக இருக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. உறுதியாகியிருந்தால் டாக்டர் 'ப்ராபபிள்' என்று எழுதவே வேண்டியதில்லையே!

கூடவே முதல் பிரிவு, ஏ, 19-ஆம் எண்: கோட் போடுவது, நோய் இருக்கிறது என்று புரொவைடர் சொல்வதன் அடிப்படையில்தான். ஆடிட்டரோ கோடரோ ஆய்வக முடிவை வைத்து அதை அடித்துவிட முடியாது. நோயாளியின் தடயங்கள் டாக்டரின் வார்த்தைக்குப் பொருந்தவில்லை என்று ஆடிட்டருக்குத் தோன்றினால் அது கிளினிக்கல் வாலிடேஷன் என்ற தனி வழி. அதற்கும் முடிவு டாக்டரிடம் கேட்பதுதான், ஜே18.9 என்று கையால் மாற்றுவது அல்ல.

மருத்துவ ரீதியிலும் உங்கள் நோயாளிக்கு அந்த வார்த்தை பொருந்துகிறது. பிராங்கியெக்டேசிஸ் உள்ள நுரையீரலில் சூடோமோனாஸ் வழக்கமான விருந்தாளி. ஆன்டிபயாடிக் ஏற்கெனவே ஏறிய பிறகு சளி எடுத்திருந்தால் கல்ச்சர் வெறுமையாக வருவதில் வியப்பில்லை. முந்தைய சேர்க்கைகளில் சூடோமோனாஸ் வளர்ந்த பதிவை டாக்டர் இந்தச் சேர்க்கையின் குறிப்பில் சொல்லியிருக்கிறாரா, செஃபெபிம் அல்லது மெரோபெனெம் போல சூடோமோனாஸைத் தாக்கும் மருந்தைச் சிகிச்சைக் காலம் முழுக்கத் தந்தார்களா, சளி எடுத்த நேரத்துக்கும் முதல் டோஸுக்கும் எது முன்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிட் முடிவை எதிர்த்து எழுதும் ரிபட்டலில் இவை உதவும்.

'சஸ்பெக்டட்' விதிக்குச் சில விலக்குகள் உண்டு, நுரையீரல் கோடர்கள் இவற்றில்தான் தடுக்கி விழுவார்கள். கோவிட் உறுதியானால் மட்டுமே யு07.1, 'சஸ்பெக்டட் கோவிட்' என்று டிஸ்சார்ஜில் எழுதியிருந்தாலும் போடக்கூடாது. உறுதியான கோவிடால் நிமோனியா என்றால் யு07.1 முதலில், அடுத்து ஜே12.82; இந்த இரண்டாவது கோட் 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சாவும் அப்படி: ஜே09, ஜே10 உறுதியான நோய்க்கு, சந்தேகம் என்றால் ஜே11. இங்கே உறுதி என்பதற்கு டெஸ்ட் பாசிட்டிவ் கட்டாயமில்லை, டாக்டரின் திட்டவட்டமான வார்த்தை போதும்.

வெண்டிலேட்டர் நிமோனியா இன்னும் கண்டிப்பானது. நோயாளி வெண்டிலேட்டரில் இருந்தார், நிமோனியாவும் வந்தது என்பதால் ஜே95.851 ஆகிவிடாது. வெண்டிலேட்டரால் வந்தது என்று டாக்டர் எழுத வேண்டும். எழுதிவிட்டால் கிருமிக்கு பி95 முதல் பி97 வரையிலான கூடுதல் கோட் போன்றவைதான். அதே நிமோனியாவுக்கு ஜே12 முதல் ஜே18 வரை எதையும் சேர்க்கக்கூடாது. எம்ஆர்எஸ்ஏ நிமோனியாவுக்கு ஜே15.212 போட்டபின் அதோடு பி95.62-வையும் மருந்து எதிர்ப்புக்கான இசட்16.11-ஐயும் சேர்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கிருமியும் எதிர்ப்பும் அந்த ஒரே கோடுக்குள் இருக்கின்றன. அசினெட்டோபாக்டர் வந்தால் பழைய ஜே15.6 இனி செல்லாது. 2023 அக்டோபர் 1 முதல் அது ஜே15.61, மற்ற கிராம் நெகட்டிவ்கள் ஜே15.69.

'வலது கீழ் மடல் நிமோனியா' என்பதை ஜே18.1 ஆக்காதீர்கள். அது லோபார் நிமோனியா என்ற குறிப்பிட்ட வகை. டாக்டர் அந்தச் சொல்லையே எழுதினால்தான் அந்தக் கோட். மடலின் பெயரைச் சொல்வது இடத்தைச் சொல்வது மட்டுமே.

மருத்துவம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லப்போனால், நீங்கள் இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதை விட அதிகம். டாக்டராக ஆசைப்படுவதை விடக் குறைவு. கிளெப்சியெல்லாவைக் கவனித்ததும், மூன்றாம் நாள் மருந்து மாறியதைக் கவனித்ததும் நல்ல கண். அந்தக் கண் கொயரிக்குத் தேவை, கோடுக்குத் தேவையில்லை. தெரிந்துவிட்டது என்பதற்காகப் போட்டுவிடக் கை பரபரக்கும். மருத்துவப் பின்னணியோடு வருபவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், பல் மருத்துவம், பிசியோதெரபி படித்துவிட்டு வருபவர்கள் குறிப்பாக. படிக்க வேண்டுமென்றால் நோய்களின் பாடப்புத்தகத்தை விட முதலில் மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆன்டிபயாடிக் எந்தக் கிருமிக் கூட்டத்துக்கு, கல்ச்சர் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழாகப் படிப்பது எப்படி, சமூகத்தில் வந்த நிமோனியாவும் மருத்துவமனையில் 48 மணி நேரத்துக்குப் பிறகு வந்த நிமோனியாவும் சிகிச்சையில் எப்படி வேறுபடுகின்றன. மூன்றாவது தெரிந்தால் பிஓஏ இண்டிகேட்டரிலும் (சேரும்போதே நோய் இருந்ததா என்ற குறி) தடுமாற்றம் குறையும். இரண்டாம் நாள்தான் டாக்டர் நிமோனியா என்று எழுதினார் என்பதற்காக அதை மருத்துவமனையில் வந்தது என்று 'என்' (N, இல்லை) போட்டுவிடக்கூடாது. வந்த அன்றே காய்ச்சலும் இருமலும் இருந்திருந்தால் அது 'ஒய்' (Y, ஆம்) ஆக இருக்க வாய்ப்பு அதிகம். குழப்பமாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

டாக்டர்கள் கொயரிக்குப் பதில் தாமதமாகத் தருகிறார்கள் என்பது எல்லா அக்கவுண்டிலும் உள்ள புலம்பல். ஒவ்வொரு மருத்துவமனையிலும் எத்தனை நாள் காத்திருப்பது, அதன் பிறகு யாருக்கு மேலே அனுப்புவது என்று ஒரு கொயரி பாலிசி இருக்கும். அதை டீம் லீடிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கையில் இருக்கும் ஆவணத்தை வைத்துக் கோட் செய்ய வேண்டியதுதான், முதல் சார்ட்டில் அது ஜே18.9.

அடுத்து செய்ய வேண்டியது இது. முதல் சார்ட்டுக்கு ரிபட்டல் போடாதீர்கள், தோற்பீர்கள். பில் இன்னும் போகவில்லை என்றால் ஹோல்டில் வைக்கச் சொல்லிக் கொயரியை அனுப்புங்கள். டாக்டர் அடெண்டம் (பின்சேர்க்கைக் குறிப்பு) எழுதி, அதில் கிளெப்சியெல்லா வந்தால் ஜே15.0 முறையாகத் திரும்பி வரும். பில் போய்விட்டிருந்தால், அதன் பிறகும் கொயரி அனுப்பலாமா என்பதை அந்த மருத்துவமனையின் பாலிசிதான் சொல்லும். இரண்டாவது சார்ட்டுக்கு ரிபட்டல் போடுங்கள், சுருக்கமாக: டிஸ்சார்ஜ் சம்மரியின் வரி, தேதியோடு, கைட்லைன் இரண்டாம் பிரிவு எச், முதல் பிரிவு ஏ 19, பிராங்கியெக்டேசிஸும் தந்த மருந்தும் ஒரு வரி. ஆடிட்டரின் மருத்துவ அறிவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ரிபட்டலுக்குக் கெடு வைத்திருப்பார்கள், அந்தத் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.